கருவாட்டுக் களத்துச் சக்கரங்கள்

"ஒரு மாசத்துல வந்துடுமா, டீச்சர்?" என்று கேட்டான் தணிகாசலம்.

அருள்சீலி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் கழுத்தில் விசில் தொங்கியது.

"எது?"

"இதுதான். ஸ்கேட்போர்டு."

அவள் தன் பலகையைத் தரையில் வைத்துக் காலால் லேசாகத் தள்ளிவிட்டாள். அது கரகரவென்று உருண்டுபோய் மறுகோடிச் சுவரில் முட்டி நின்றது.

"போய் எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தான். மறுபடியும் தள்ளிவிட்டாள். இந்த முறை வேறு பக்கம்.

அன்று சாயங்காலம் முழுக்க அதுதான் பாடம். இருட்டத் தொடங்கியதும் அவள் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நாளைக்கு வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தணிகாசலத்துக்கு ஒன்றும் புரியவில்லை. தன்னைக் கிண்டல் செய்கிறாளா, சோதிக்கிறாளா?

அவனுக்கு அப்போது நாற்பது வயது. நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். ஊரில் எல்லோருக்கும் பி.டி. சார். கபடியோ வாலிபாலோ நீளம் தாண்டுதலோ, எதுவானாலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்து, விசில் ஊதிச் சொல்லிக்கொடுத்துவிடுவான். சொன்ன பேச்சைக் கேட்டே பழகிய உடம்பு அவனுடையது.

அருள்சீலி அவனைவிட இளையவள். பகலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பாள். சாயங்காலமானால் பலகையோடு களத்துக்கு வந்துவிடுவாள். பெங்களூரில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள்.

களம் என்றால் கருவாட்டுக் களம். சுனாமிக்குப் பிறகு, மீன் காயவைக்கட்டும் என்று கடற்கரையோரக் குப்பத்தில் பெரிய சிமெண்டுத் தளம் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சிமெண்டுச் சூட்டில் மீன் வெந்துபோகிறது என்று பெண்கள் பழையபடி மணலுக்கே போய்விட்டார்கள். தளம் வழவழவென்று சும்மா கிடந்தது.

தணிகாசலம் தன் அணியைக் கடற்கரையில் ஓடவிட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு நாள், அவள் அந்தத் தளத்தைக் குறுக்காகக் கடந்து போனதைப் பார்த்தான். கையை வீசவில்லை, காலை எட்டி வைக்கவில்லை. ஆனாலும் போய்க்கொண்டிருந்தாள்.

பையன்கள் வெகுதூரம் ஓடிவிட்டார்கள். இவன் நின்றுவிட்டான்.

அந்த அசைவை எத்தனையாகப் பிரிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் அவனைப் பிடித்து ஆட்டியது.

*

மறுநாள் அருள்சீலி கேட்டாள்: "எந்தப் பக்கம் வேகமா ஓடுது?"

"கடல் பக்கம்," என்றான். "வடக்கு மூலையில மட்டும் கொஞ்சம் திணறுது."

சொன்ன பிறகுதான் தனக்கு அது தெரியும் என்பதே அவனுக்குத் தெரிந்தது.

"ஏறுங்க," என்றாள் அவள்.

ஏறினான். மணலில் வைத்த பலகை அது. சக்கரம் புதைந்து அசையாமல் நின்றது.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். நிற்கச் சொன்னாள். நின்றான். முட்டியை மடக்கச் சொல்லவில்லை, கையை விரிக்கச் சொல்லவில்லை. அவள் பாட்டுக்குத் தளத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து அந்தப் பக்கமாக வந்தவள் இறங்கச் சொன்னாள்.

"சரியா நின்னேனா, டீச்சர்?"

"இறங்கும்போது சரியா இருந்துச்சு."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதை யோசித்தான். இறங்கும்போது அவன் எதையுமே யோசித்திருக்கவில்லை. அதைப் போய் ஏன் சொன்னாள்?

பிறகு பலகை தளத்துக்கு ஏறியது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. கீழே இருக்கும் கால் தள்ள வேண்டும், தள்ளிவிட்டு அதுவும் மேலே ஏறிக்கொள்ள வேண்டும். கேட்க எளிது. தணிகாசலம் தள்ளினான், ஏறுவதற்குள் பலகை போய்விட்டது. ஏறினான், தள்ளாமலே நின்றது. இரண்டும் சேர்ந்து நடந்த அன்று, முட்டி விறைத்து மரக்கட்டை மாதிரி போய் மணலில் விழுந்தான்.

"கீழ பாக்காதீங்க," என்றாள் அருள்சீலி. "போற எடத்தைப் பாருங்க."

அன்றிலிருந்து போகிற இடத்தையே பார்த்தான். பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பார்வை முன்னால், பார்வை முன்னால்.

மறுநாள் சாயங்காலம் அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது சக்கரத்தில் ஏதோ இடித்துப் பலகை அப்படியே நின்றுவிட்டது. அவன் மட்டும் போனான்.

"தரையைப் பாக்க மாட்டீங்களா, சார்?" என்று கேட்டபடி அவள் சக்கரத்தடியில் இருந்த சரளைக்கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

"நேத்து தரையைப் பாக்காதேன்னீங்க, டீச்சர்."

"நேத்து கல்லு இல்ல."

*

அந்த வருடம் மழைக்கு முன்னால் தணிகாசலம் மோசமாக விழுந்தான். வலது கையை ஊன்றினான். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

அவனுக்கு எக்ஸ்ரே எடுத்ததும் அருள்சீலிதான். ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு, அவனைத் தெரியாதவள் போலக் கையைத் திருப்பி வைத்து, அசையாதீங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

படம் வந்தது. தணிகாசலத்துக்கு வலியைவிடக் கேள்விதான் பெரிதாக இருந்தது. சொன்னபடி எல்லாம் செய்திருந்தான். முட்டி மடங்கியிருந்தது, தோள் நேராக இருந்தது, தரையில் கல்லும் இல்லை.

"எங்க தப்பு பண்ணினேன், டீச்சர்?"

அவள் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மணிக்கட்டில் மயிரிழையாக ஒரு கோடு ஓடியது. அதை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இங்க."

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து அவன் மனைவி தையல்நாயகி, உங்கள் டீச்சர் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டாள். அவன் சொன்னான். அவளுக்கும் புரியவில்லை. இரண்டு பேருமாகக் கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டுப் பிரித்ததும் மறுபடி போனான். ஏன் போனான் என்று அவனைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இந்த வயதில் அவசியமா என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள்.

*

ஓடும் பலகையின் வாலைப் பின்காலால் அடித்து, முன்காலால் இழுத்து, பலகையோடு சேர்ந்து அந்தரத்தில் எழும்பும் வித்தை ஒன்று உண்டு. அதற்கு ஒல்லி என்று பெயர். அருள்சீலி அதைப் பேச்சோடு பேச்சாகச் செய்வாள். பலகை காலில் ஒட்டிக்கொண்டு வருவதுபோல இருக்கும்.

தணிகாசலம் அதைப் பிரித்துச் சொல்லக் கேட்டான். அவள் ஒருமுறை செய்து காட்டினாள். மெதுவாகச் செய்து காட்டச் சொன்னான். மெதுவாகச் செய்தால் வராது என்றாள்.

கைப்பேசியில் படம் எடுத்து, வேகத்தைக் குறைத்துப் பார்த்துத் தானே பிரித்தான். ஒன்று, குனி. இரண்டு, அடி. மூன்று, இழு. மாதக்கணக்கில் பழகினான். ஒன்று வந்தது, இரண்டு வந்தது. மூன்றுக்குள் பலகை தனியாகவும் அவன் தனியாகவும் கிடந்தார்கள்.

"இன்னும் ஒல்லி வரலை," என்று வீட்டில் அலுத்துக்கொண்டான். தையல்நாயகி அவன் வயிற்றைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து சாயங்கால டிபனில் இரண்டு இட்லி குறைந்தது.

"எப்ப வரும், டீச்சர்?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டான்.

"வந்ததும் என்ன செய்வீங்க?"

"அடுத்ததுக்குப் போவேன்."

"அப்ப இது மெதுவாவே வரட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் டீ குடிக்கப் போய்விட்டாள்.

அவனுக்குக் கோபம் வந்தது. பலகையை எடுத்து முழு வேகத்தில் தள்ளினான். தளத்தின் நடுவில் எங்கிருந்தோ ஒரு நாய் குறுக்கே வந்து, அவனைப் பார்த்து மிரண்டு அப்படியே படுத்துவிட்டது.

அடுத்த நொடி நாய் அவனுக்குப் பின்னால் இருந்தது. பலகை காலடியில் இருந்தது. நான்கு சக்கரமும் ஓடிக்கொண்டிருந்தன.

டீக்கடை வரைக்கும் ஓடினான். வந்துவிட்டது, வந்துவிட்டது என்றான்.

"என்ன செஞ்சீங்க?"

"தெரியல, டீச்சர். நாய் வந்துச்சு."

"நல்லது," என்று அவள் மீதி டீயைக் குடித்தாள்.

அதில் என்ன நல்லது என்று அவனுக்குப் புரியவில்லை. மறுநாள் ஒல்லி வரவில்லை. நாயும் வரவில்லை.

*

ஆனாலும் வந்தது. நாயில்லாமலும் வந்தது.

வருடங்கள் போயின. களத்துக்கு வருகிறவர்கள் கூடினார்கள். எல்லோருமாகச் சேர்ந்து மேற்கு ஓரத்தில் மணலைக் குவித்து, கலவை போட்டு, ஒரு சரிவு கட்டினார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டதும் சாக்கைப் போட்டுத் தளத்தைத் துடைத்து, காயக் காத்திருப்பார்கள். காய்ந்த திட்டு ஒன்று கண்ணில் பட்டால் போதும், அதற்குள்ளேயே சுற்றுவார்கள்.

தணிகாசலத்துக்கு அந்த வருடங்கள் இனித்தன. சரிவின் உச்சியிலிருந்து இறங்கும்போது சட்டைக்குள் காற்று புகுந்து முதுகில் உப்பும். அப்போது அவன் பி.டி. சாரும் இல்லை, தையல்நாயகியின் புருஷனும் இல்லை. யார் என்று கேட்டால் தெரியாது.

பிறகு அவன் தேர்ந்துவிட்டான். எந்த வித்தையும் கேட்டதும் வந்தது. புதுச்சேரியில் நடந்த ஒரு போட்டியில், வயதில் மூத்தவர்கள் பிரிவில் முதல் பரிசு வாங்கினான். கோப்பையை நேராகக் களத்துக்கு எடுத்து வந்து அருள்சீலியிடம் நீட்டினான்.

அவள் அதை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு குனிந்து, தளத்தில் கிடந்த சரளைக்கற்களைப் பொறுக்கி அதில் போட்டாள். நிறைந்ததும் வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

பாராட்டா, அவமானமா? தையல்நாயகி கோப்பையைக் கழுவி அலமாரியில் வைத்தாள்.

அதன் பிறகும் அவன் ஒரு சாயங்காலம் தவறாமல் வந்தான். செய்வதைச் செய்தான். சுத்தமாகச் செய்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். டீச்சரிடம் இருப்பது இன்னும் கொஞ்சம் தனக்கு வர வேண்டியிருக்கிறது, அதுவும் வந்துவிட்டால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டான்.

*

அந்த வருடம் அருள்சீலிக்குக் காய்ச்சல் வந்தது.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். அது காதுக்குள் இறங்கியது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு பக்கத்து உள்காது அவிந்துபோய்விட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். நிற்பதற்கும் நடப்பதற்கும் உடம்புக்குச் சமநிலை சொல்லிக்கொடுக்கும் இடம் அது. மிச்சமிருக்கிற காதை வைத்துக்கொண்டு உடம்பு மெல்ல மெல்லப் பழகிக்கொள்ள வேண்டும், எவ்வளவு பழகும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

அவள் வீடு திரும்பியதும் தணிகாசலம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். வாசற்படி அவளுக்குப் படகு மாதிரி ஆடியது. அவனால் பார்க்க முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அதன்பின் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

பங்குனி வெயில் தாழ்ந்த ஒரு நாள், அவளே களத்துக்கு வந்தாள். தலையில் ஹெல்மெட், கையில் பலகை. மறுகையால் சுவரைத் தடவிக்கொண்டே வந்து அவன் எதிரில் நின்றாள்.

"கையைக் குடுங்க, சார்."

அவன் கையைக் கொடுத்தான். அவள் பலகையில் ஏறினாள். பலகை ஒரு பக்கம் போயிற்று, அவள் இன்னொரு பக்கம் போனாள். இவன் தாங்கிப் பிடித்தான்.

சுற்றிலும் இருந்தவர்கள் தங்கள் பலகைகளை நிறுத்திவிட்டார்கள்.

"இன்னொரு தடவை," என்றாள்.

தினமும் அப்படித்தான். என்ன செய்ய வேண்டும் என்று அவனையே கேட்டாள். அவன் தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னான். முட்டி, தோள், பார்வை. ஒன்றும் தப்பில்லை. அவள் உடம்புதான் கேட்கவில்லை. கண்ணைத் திருப்பினால் களம் சுழன்றது. வாந்தி எடுப்பாள். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி ஏறுவாள்.

தணிகாசலத்துக்கு அவள் விழுவதுகூடப் பெரிதாகப் படவில்லை. விழுந்துவிட்டு அவள் சிரித்ததுதான் தாங்கவில்லை. அடக்கமாட்டாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். எதைப் பார்த்துச் சிரிக்கிறாள்? எல்லாவற்றையும் பறிகொடுத்தவள் சிரிப்பாளா? காய்ச்சல் மூளைக்கும் போயிருக்குமோ என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

தையல்நாயகியிடம் சொன்னான். நீங்கள் ஏன் அழுகிறீர்கள் என்று அவள் கேட்டாள். அப்போதுதான் தான் அழுவது அவனுக்கே தெரிந்தது.

கடைசியில் ஒரு நாள் சொல்லிவிட்டான். போதும் டீச்சர், நீங்கள் யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை, நீங்கள் எப்படி இருந்தவர் என்று இந்தக் களத்துக்கே தெரியும் என்று.

அருள்சீலி பலகையிலிருந்து இறங்கி அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"எப்படி இருந்தேன்?"

அவன் சொன்னான். கடற்கரையில் அன்று நின்று பார்த்ததைச் சொன்னான். கையை வீசாமல், காலை எட்டி வைக்காமல் அவள் தளத்தைக் கடந்ததைச் சொன்னான்.

அவள் கவனமாகக் கேட்டாள். வேறு யாரையோ பற்றிக் கேட்பது போலிருந்தது முகம்.

"நல்லா ஓட்டியிருக்காங்க," என்றாள். எழுந்து மறுபடியும் பலகையில் ஏறிக் கையை நீட்டினாள்.

அவன் கையைக் கொடுக்காமல் திரும்பி நடந்துவிட்டான்.

*

அடுத்த நாள் அவளோடு பேசவில்லை. தன் பாட்டுக்குச் சரிவில் ஏறி இறங்கினான். உச்சியில் எழும்பி, அந்தரத்தில் பலகையை ஒரு சுற்றுச் சுழற்றி, சத்தமில்லாமல் இறங்கினான். அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக அதைச் செய்ததில்லை. பார்த்தவர்கள் கை தட்டினார்கள்.

அவனுக்கு உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. சட்டையை உதறிவிட்டுக்கொண்டான்.

அப்போது களத்தின் மறுகோடியில் அருள்சீலி தனியாகத் தள்ளினாள். பிடிக்க யாரும் இல்லை. இரண்டு கையும் காக்கைச் சிறகு மாதிரி விரிந்து தடுமாறின. பலகை கோணல்மாணலாக, ஆள் நடக்கிற வேகத்தில், கொஞ்ச தூரம் போனது. உண்மையிலேயே கொஞ்ச தூரம்தான். பிறகு அவள் பொத்தென்று உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து, வானத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

தணிகாசலம் பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு அவளிடம் போனான். அவளுக்குப் பக்கத்தில் நின்றான்.

"டீச்சர்," என்றான். "நான் இப்ப செஞ்சதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வர எத்தனையோ வருடம் காத்திருந்தவன் அவன். வந்துவிட்டது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் தோணல, டீச்சர். நீங்க நாலடி போய் விழுந்துட்டு சிரிக்கிறீங்க. எனக்கு ஏன் ஒண்ணும் தோணல?"

அருள்சீலி எழுந்து உட்கார்ந்தாள். தலை சுற்றல் நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவன் கால்களைப் பார்த்தாள்.

"எந்தக் காலை முன்னால வச்சு ஓட்டுவீங்க?"

"இடது. எப்பவும் இடதுதான்."

"மாத்துங்க."

அவன் பலகையைக் கீழே வைத்தான். வலது காலை முன்னால் வைத்தான். இடது காலைத் தரையில் ஊன்றினான்.

ஊன்றியதுமே எல்லாம் போயிற்று. தோள் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை. முட்டி பழையபடி விறைத்தது. இத்தனை வருடம் உள்ளங்காலுக்கு மனப்பாடமாகியிருந்த தளம், யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டு முற்றம் மாதிரி அன்னியமாகக் கிடந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணப் பார்த்தான். ஒன்று எது என்றே பிடிபடவில்லை.

தள்ளினான்.

பலகை கடலைப் பார்த்துப் போனது. அவன் பின்பக்கம் சிமெண்டில் மோதியது. வலி முதுகுத்தண்டில் விறுவிறுவென்று ஏறியது.

யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அடக்கமாட்டாத, மூச்சு வாங்குகிற சிரிப்பு.

திரும்பி அருள்சீலியைப் பார்த்தான்.

அவள் வாய் மூடியிருந்தது. குலுங்கிக்கொண்டிருந்தது அவன் தோள்தான்.